வேரும் அடிமரமும்: ஒரே பெயரில் இரண்டு காடுகள்

கேள்வி இதுதான்: 2009-இல் லண்டனிலும் 2021-இல் நியூயார்க்கிலும் ‘கோஸ்ட் ஃபாரஸ்ட்’ (ஆவிக்காடு) என்ற ஒரே பெயரில், நகரத்தின் நடுவே, செதுக்காத மரங்களைக் கொண்டு இரண்டு சிற்பங்கள் வைக்கப்பட்டன. பிந்தியது முந்தியதன் நகலா? உளி படாத மரத்தைச் சிற்பம் என்று எப்படி ஏற்பது? காடு வெட்டிய வரலாற்றை இவை உண்மையிலேயே சொல்கின்றனவா, அல்லது நகரவாசிகள் சிறிது நேரம் வருந்திவிட்டுக் கலைந்து போவதற்கான ஏற்பாடா?

நகல் அல்ல, பெயரே இரண்டிலும் ஒரே பொருளில் வரவில்லை. நியூயார்க்கில் கலைஞர் மாயா லின் அதைத் தாவரவியலாளர்கள் பயன்படுத்தும் பொருளிலேயே வைத்தார். கடல்நீர் உள்ளே புகுந்து உப்பேறிய நிலத்தில், நின்ற நிலையிலேயே பட்டுப்போய் வெளிறி நிற்கும் மரக்கூட்டத்தை அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் அப்படித்தான் அழைக்கிறார்கள். லண்டனில் கலைஞர் ஆஞ்சலா பாமர் வைத்ததோ உவமை: அங்கே கிடந்தவை அடிமரம் இழந்த வேர்க்கட்டைகள், ஆவியாகிப் போனது அவற்றின் மேல் நின்றிருக்க வேண்டிய காடு. ஆகவே ஒன்றில் வேர் வந்தது, அடிமரம் வரவில்லை. மற்றொன்றில் அடிமரம் வந்தது, உயிர் வரவில்லை. மரத்தின் எந்தப் பகுதி எந்த வழியாக நகரத்துக்கு வந்து சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் மற்றக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

பாமரின் படைப்பில் பத்து வேர்க்கட்டைகள். மேற்கு கானாவில் உள்ள சுஹுமா காப்புக்காட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. பெரும்பாலானவை புயலில் தாமாகச் சாய்ந்த மரங்களுடையவை, சில மட்டும் அனுமதி பெற்று வெட்டப்பட்ட மரங்களுடையவை. டென்யா, டஹோமா, டாந்தா, ஹ்யேதுவா, வாவா, செல்டிஸ், ஆப்பிரிக்க மகாகனி என்று கானா மர வியாபாரிகளின் நாவில் புழங்கும் பெயர்களே அவற்றுக்கு உரியவை. 2009 நவம்பரில் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் அவை ஒரு வாரம் கிடந்தன. டிசம்பரில் காலநிலை மாநாடு நடந்த கோபன்ஹேகனுக்குப் போயின. பிறகு ஆக்ஸ்ஃபர்டில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முன்புறப் புல்வெளியில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, 2012-இல் வேல்ஸ் தேசியத் தாவரவியல் பூங்காவைச் சென்றடைந்தன.

நம்மூர் மரவாடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே தடி கிடக்கும், பலகை அடுக்கியிருக்கும், சட்டம் சாய்த்து வைத்திருக்கும். வேர்க்கட்டை மட்டும் இருக்காது. விலை அடிமரத்துக்குத்தான். மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டின் பெருமரங்களில் இது இன்னும் கூர்மையான உண்மை, ஏனெனில் அங்கே மண் ஆழமற்றது, உயரமோ 50 மீட்டரைத் தாண்டும். மரம் தன்னைத் தாங்கிக்கொள்ள நான்கு புறமும் சுவர் எழுப்பியதைப் போலப் பலகை வேர்களை விரிக்கிறது. டஹோமாவின் பலகை வேர் ஆளுயரத்தை எளிதாக மிஞ்சும். அந்தப் பகுதியில் ரம்பம் ஓட்டினால் கிடைப்பது கோணல்மாணலான கட்டை என்பதால், முற்காலத்தில் கோடரிக்காரர்கள் வேர்ச்சுவருக்கு மேலே பரண் கட்டி ஏறி நின்று வெட்டினார்கள். வெட்டியதும் அடிமரம் உருண்டு ஆற்றுக்கோ ரயிலுக்கோ போனது. கட்டை காட்டிலேயே கிடந்து கறையானுக்கு இரையானது. வாங்கிய நாடுகளில் எவரும் அதைப் பார்த்ததில்லை. பாமர் செய்த காரியத்தை ஒரு வாக்கியத்தில் சொல்வதானால், வியாபாரம் விட்டுவிட்டு வந்த பகுதியை மட்டும் பொறுக்கியெடுத்து, வியாபாரம் சென்ற அதே கடல்வழியில் அனுப்பிவைத்தார்.

அந்த வழி எது என்பது முக்கியம். கோல்ட் கோஸ்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட கானாவிலிருந்து மகாகனித் தடிகள் 1890-களில் ஏற்றுமதியாகத் தொடங்கின. அங்கோப்ரா ஆற்றில் மிதக்கவிட்டு, ஆக்ஸிம் கடற்கரையில் கரைசேர்த்து, அலைகளுக்கு நடுவே இழுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். இறங்கிய இடங்களில் முதன்மையானது லிவர்பூல். ஆறு எட்டிய தூரம்வரைதான் அப்போது கோடரியும் எட்டியது. செகொண்டியிலிருந்து புறப்பட்ட ரயில் 1903-இல் குமாசியை அடைந்தது, 1928-இல் டகொராடியில் ஆழ்கடல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் பிறகு, ஆற்றில் மிதக்காத கனமான மரங்களும் விற்பனைக்கு உரியவையாகிவிட்டன. ஒரு மரம் வெட்டப்படுவதற்கு அதன் குணம் மட்டும் காரணமாவதில்லை, அதைத் தூக்கிச் செல்லும் வழி திறந்திருப்பதும் காரணமாகிறது. பத்துக் கட்டைகளில் மிகக் கனமானதாகிய டென்யா ஏறக்குறைய 20 டன். நீரில் அமிழும் கட்டை அது. ரயிலும் துறைமுகமும் இல்லாத காலத்தில் அது பாதுகாப்பாக நின்றிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ட்ரஃபால்கர் சதுக்கத்தைத் தேர்ந்ததற்கு உயரம் சார்ந்த ஒரு காரணம் இருந்தது: அங்குள்ள நெல்சன் தூண் 51.6 மீட்டர் உயரம், முழுதாக வளர்ந்த டென்யாவும் ஏறத்தாழ அவ்வளவு. கட்டையைப் பார்த்துவிட்டு அண்ணாந்து தூணைப் பார்த்தால், காணாமல் போன அடிமரம் எவ்வளவு என்று கணக்குச் சொல்லாமலே விளங்கும். இந்த இடத்தில் எனக்கு இன்னொரு தொடர்பும் தோன்றுகிறது. தூணின் மேல் நிற்கும் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ கப்பலுக்குச் சுமார் 6,000 மரங்கள் வேண்டியிருந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, பெரும்பாலும் ஓக். அந்தக் கடற்படைக்குச் சொந்த நாட்டு ஓக் போதாமல் போனபோதுதான் பிரித்தானியா பிற நாடுகளின் காடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. மலபார்த் தேக்கு பம்பாய்க் கப்பல் பட்டறைக்குப் போனதும், பின்னர் ஆனைமலைத் தேக்குக்கும் அதே வழி திறந்ததும், மலையுச்சியிலிருந்து தடிகளைச் சறுக்கிவிட்ட இடத்துக்கு டாப்ஸ்லிப் என்ற பெயர் நிலைத்ததும் அந்தக் கதையின் கிளைகளே. எனவே கானாவின் வேர்க்கட்டைகள் அந்தத் தூணடியில் கிடந்தது வெறும் உயர ஒப்பீடு மட்டுமன்று என்றே நான் வாசிக்கிறேன், பாமர் அதை அவ்வளவு அழுத்திச் சொல்லாவிட்டாலும்.

இனி, இந்தச் சிற்பம் வரலாற்றை முழுமையாகச் சொல்கிறதா என்றால், இல்லை. விடுபட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2009-க்கு முந்தைய 50 ஆண்டுகளில் கானா தன் தொல்காட்டில் 90 விழுக்காட்டை இழந்தது என்பது அந்தப் படைப்போடு சேர்த்துச் சொல்லப்பட்ட செய்தி, பழியும் அங்கே மரவெட்டின்மேல் விழுந்தது. ஆனால் கானாவின் காட்டைத் தின்றது கோடரி மட்டுமன்று. 1911 வாக்கிலிருந்து 1970-கள்வரை உலகிலேயே மிகுதியாகக் கோகோ விளைவித்த நாடு அது. மரத்தடி ஏறிய அதே டகொராடியில்தான் கோகோ மூட்டையும் ஏறியது. தடி இழுக்கப் போட்ட பாதை வழியாக விவசாயி உள்ளே வந்தான், எஞ்சிய மரநிழலில் கோகோ நட்டான், நிழல் மிகுதியானால் மரத்தைச் சுற்றித் தீயிட்டுக் கொன்றான். 1983 வறட்சியில் பரவிய காட்டுத்தீ மீதிக் கதையை எழுதியது. இதில் சட்டத்துக்கும் பங்குண்டு: 1962 முதல், இயற்கையாக முளைத்த வணிக மரங்கள் யாருடைய வயலில் நின்றாலும், மரபுத் தலைமைகளின் சார்பில் குடியரசுத் தலைவரின் பொறுப்பில் உள்ளவை என்று ஆக்கப்பட்டது. வயல் நடுவே நிற்கும் வாவா மரத்தால் விவசாயிக்கு ஒரு காசும் வராது. அதை வெட்ட உரிமம் பெற்றவன் வந்தால் கோகோச் செடிகள் நசுங்கும். அந்த நிலையில் கன்றாக இருக்கும்போதே அதைக் கிள்ளிப் போடுவதுதான் அவனுக்கு அறிவுடைமை. வேர்க்கட்டை இதையெல்லாம் பேசாது. பார்வையாளன் கண்ணில் வெட்டுவாயைத்தான் காட்டும். கிள்ளப்பட்ட கன்றுக்குக் கட்டை ஏது?

மறுபுறம், கானா கைகட்டி நின்றதும் இல்லை. 1979-இல் 14 மர வகைகளைத் தடியாக ஏற்றுமதி செய்வது தடைசெய்யப்பட்டது. 1990-களின் நடுவில் எல்லாத் தடி ஏற்றுமதியும் நிறுத்தப்பட்டது. காப்புக்காட்டில் ஒரு பகுதியில் வெட்டினால் மீண்டும் அங்கே வர 40 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற சுற்றுமுறை 1990 வாக்கில் வந்தது. 1970-இல் அதே சுற்று 15 ஆண்டாகக் குறைக்கப்பட்டிருந்தது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் இடையில் நடந்த இழப்பு புரியும். ட்ரஃபால்கரில் கட்டைகள் கிடந்த அதே நவம்பர் மாதத்தில், சட்டப்படி வெட்டிய மரத்தை மட்டுமே அனுப்புவதாக ஐரோப்பிய ஒன்றியத்தோடு கானா ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முதல் நாடு அதுதான். இந்தப் பின்னணி தெரிந்து பார்க்கும்போது, அனுமதியோடு வெட்டிய கட்டைகளும் புயலில் விழுந்த கட்டைகளும் கலந்து கிடந்தது குற்றச்சாட்டாக மட்டும் படவில்லை, ‘இனி எப்படி வெட்டுவது’ என்ற கேள்வியாகவும் படுகிறது.

நியூயார்க்கின் கதை வேறு தாளத்தில் நடக்கிறது. மேடிசன் சதுக்கப் பூங்காவில் 2021 மே மாதம் மாயா லின் 49 அட்லாண்டிக் வெள்ளை சீடர் மரங்களை நட்டார். ‘நட்டார்’ என்று பழக்கத்தால் எழுதுகிறேன், ஊன்றினார் என்பதே சரி, ஏனெனில் அவை பட்ட மரங்கள். ஏறக்குறைய 40 அடி உயரம். பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன பணி அது. நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் பகுதியில், காட்டை மீட்பதற்காக எப்படியும் அகற்றப்பட இருந்த மரங்கள் அவை. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரை 1982-இல் எழுப்பியவர் இவர் என்பதை நினைவில் கொண்டால், அங்கே பெயர்கள் செய்த வேலையை இங்கே மரங்கள் செய்தன என்று பார்க்கலாம். மே மாதத்தில் பூங்கா மரங்கள் தழைத்திருக்க இவை மட்டும் மொட்டையாக நின்றன; நவம்பரில் பூங்கா மரங்களும் இலையுதிர்ந்து போனபோது எது பட்டது, எது உறங்குவது என்ற வேறுபாடு மங்கியது. காலநிலையைப் பற்றிப் பேசவந்த ஒரு படைப்புக்கு இதைவிடக் கடுமையான காட்சி வாய்த்திருக்க முடியாது.

அந்த மரங்களைக் கொன்றது உப்புநீர். அப்படியானால் மரவெட்டின் வரலாறு இங்கே எங்கே வருகிறது என்று கேட்கலாம். அட்லாண்டிக் வெள்ளை சீடர் ஒருகாலத்தில் மெய்னிலிருந்து தெற்கே வளைகுடாக் கடற்கரைவரை சதுப்புகளில் அடர்ந்திருந்தது. எடை குறைவு, நேர்வாக்கில் எளிதில் பிளக்கும், ஈரத்தில் மக்காது என்ற மூன்று குணங்களும் ஒரே மரத்தில் அமைந்தது அதன் துரதிருஷ்டம். கூரை வேயும் சிறுபலகைகள், வேலிக்கம்புகள், நீர்த்தொட்டிகள், படகுப் பலகைகள் எல்லாம் அதிலிருந்தே. குடியேறியவர்கள் வந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், நியூ ஜெர்சியில் இந்த மரம் தட்டுப்படாமல் போய்விடும் என்ற கவலை எழுந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அதே மாநிலத்தின் டென்னிஸ்வில் சதுப்பில் ஒரு விந்தையான தொழில் நடந்தது: நூற்றாண்டுகளுக்கு முன்பு விழுந்து சேற்றுக்குள் புதைந்த சீடர் தடிகளை நீண்ட இரும்புக்கம்பியால் குத்தித் தேடி, தோண்டியெடுத்து, அறுத்துக் கூரைப்பலகை செய்தார்கள். நிற்கும் மரம் தீர்ந்தபின் புதைந்த மரத்தைச் சுரங்கம்போல் தோண்டிய ஊர் அது. வெட்டிய இடங்களில் சீடர் மீண்டும் எழவும் இல்லை. வெளிச்சம் கிடைத்ததும் சிவப்பு மேப்பிள் முந்திக்கொண்டது, முளைத்த கன்றுகளை மான்கள் மேய்ந்தன. பரந்த காடாக இருந்திருந்தால் கடல் ஓர் ஓரத்தைத் தின்றபோது உள்நாட்டுப் பக்கம் நகர்ந்திருக்கக்கூடிய இனம், துண்டுதுண்டாகிவிட்டதால் நகர இடமின்றி நின்ற இடத்தில் பட்டுப்போகிறது. முதல் வெட்டு கோடரியுடையது, கடல் வந்தது பிறகுதான். 2022-இல் நியூ ஜெர்சி அரசு 10,000 ஏக்கரில் இந்த மரத்தை மீட்கும் திட்டத்தை அறிவித்தது. லின்னின் காட்சி அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டும் ஒரே இழப்பைப் பற்றியவை.

காட்சி முடிந்ததும் நடந்தது என்னை மிகவும் கவர்ந்த பகுதி. அந்த 49 மரங்களும் குப்பைக்கோ அருங்காட்சியகக் கிடங்குக்கோ போகவில்லை. பலகையாக அறுக்கப்பட்டு, நியூயார்க்கின் பிராங்ஸில் இளைஞர்களுக்குப் படகு கட்டக் கற்றுத்தரும் ‘ராக்கிங் த போட்’ என்ற அமைப்பிடம் சேர்ந்தன. இது வெறும் மறுபயன்பாடு என்று தோன்றலாம். இந்த மரத்தின் வரலாறு தெரிந்தவருக்கு அப்படித் தோன்றாது, ஏனென்றால் சீடர் வெட்டப்பட்டதே இதற்காகத்தான். அழிவின் சின்னமாக ஆறு மாதம் நின்ற மரம், தன்னை அழித்த தொழிலுக்கே திரும்பிப் போய்ப் படகாகியது. மரத்தை வெட்டுவதே பாவம் என்ற எளிய முடிவுக்குப் பார்வையாளரைக் கொண்டு போகாத நேர்மை இதில் உள்ளது. மரம் மனிதனுக்கு வேண்டும், எவ்வளவு என்பதுதான் சிக்கல்.

செதுக்காத மரம் சிற்பமா என்ற கேள்விக்கு வருகிறேன். வட அமெரிக்காவின் மரவெட்டு ஊர்களில் தோளில் கோடரியோடு நிற்கும் மரவெட்டியின் உருவத்தைச் சங்கிலி ரம்பத்தால் செதுக்கித் தெருமுனையில் நிறுத்துவது பெருவழக்கம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் செட்விண்ட் ஊர் அத்தகைய உருவங்களுக்கே பெயர்போனது, அங்கே ஆண்டுதோறும் செதுக்குப் போட்டியும் நடக்கிறது. கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே மரம் கரடியாகவும் கழுகாகவும் தாத்தாவின் முகமாகவும் மாறிவிடுகிறது. தான் எந்தக் காட்டில் எத்தனை ஆண்டு நின்ற மரம் என்று சொல்லும் வாய் அதற்கு அடைபட்டுவிடுகிறது. செதுக்கச் செதுக்க மரம் பொருளாகிறது, செதுக்காமல் விட்டால் சாட்சியாகிறது. பாமரும் லின்னும் தேர்வு, இடம், நிலை என்ற மூன்றில் மட்டும் கைவைத்தார்கள். கட்டையைக் கிடத்துவதா நிமிர்த்துவதா என்ற ஒரு முடிவிலேயே கலை அடங்கியிருந்தது.

இந்த வழியை அவர்களுக்கு முன்பே திறந்தவர்களில் சிற்பி டேவிட் நாஷைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. 1978-இல் வேல்ஸின் ஃபெஸ்டினியோக் பள்ளத்தாக்கில் ஓர் ஓக் மரத்திலிருந்து பெரிய உருண்டை ஒன்றை அறுத்தெடுத்த அவர், அதைப் பட்டறைக்குக் கொண்டுபோக அருகிலிருந்த ஓடையைப் பயன்படுத்த நினைத்தார். மரவெட்டிகள் காலங்காலமாகச் செய்ததும் அதுதானே. பாதி வழியில் அது சிக்கிக்கொண்டது. எடுத்துச் செல்ல வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் அதைப் பின்தொடர்ந்து படமெடுத்தார். வெள்ளம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, டுவிரிட் ஆற்றை அடைந்து, 2003-இல் கழிமுகத்தில் கண்ணுக்கு மறைந்தது. 2013-இல் மீண்டும் தென்பட்டது. அங்கோப்ராவில் மிதந்த தடிகளுக்கு ஒரு விலைச்சீட்டும் ஒரு முடிவிடமும் இருந்தன, இந்த உருண்டைக்கு இரண்டும் இல்லை. இங்கிலாந்தின் கிரிஸ்டேல் காட்டில் 1977 முதல் செய்யப்பட்டுவரும் சிற்பங்களுக்கும் இதே மனநிலைதான்: முதல் உலகப்போரின் மரப்பஞ்சத்தால் 1919-இல் அமைக்கப்பட்ட வனத்துறை ஆணையத்தின் விளைகாட்டுக்குள், அங்கேயே கிடைத்த மரத்தில் செய்து, அங்கேயே மக்க விட்டார்கள். வெட்டுவதற்கென்றே வளர்த்த காட்டில் மக்குவதற்கென்றே வைத்த சிற்பம் என்பது எனக்கு இன்றும் புன்னகை வரவழைக்கும் முரண்.

மக்குவதைப் பற்றிக் கடைசியாக ஒன்று, ஏனெனில் ‘திறந்தவெளியில் வைத்தால் வீணாகிவிடாதா’ என்ற துணைக்கேள்வியும் இதில் அடங்கும். வேல்ஸின் மழையில் பத்துக் கட்டைகளும் ஒரே வேகத்தில் மக்க முடியாது. வாவாவும் செல்டிஸும் வெளிறிய, மென்மையான அல்லது பூஞ்சைக்கு இடங்கொடுக்கும் கட்டைகள், மண்ணைத் தொட்டால் சில ஆண்டுகளில் நெகிழ்ந்துவிடும்; மகாகனி நடுத்தரம்; டென்யாவோ ஐரோப்பாவில் படகுத்துறைத் தூண்களுக்கும் மதகுக் கதவுகளுக்கும் வாங்கப்படும் வைரம் பாய்ந்த மரம், நீரிலும் சேற்றிலும் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆகவே பார்க்கப் போகிறவர்கள் ஒரு தொகுதியாகப் பார்க்காமல் ஒவ்வொரு கட்டையாக நின்று பார்ப்பது நல்லது: எது முதலில் பூஞ்சை பிடித்தது, எதன் பலகை வேர் விளிம்பு உதிரத் தொடங்கியது, எது இன்னும் தட்டினால் ஓசை தருகிறது என்று. பெட்டியும் சட்டமுமாகப் போன மரம் எது, துறைமுகத்தில் ஊன்றப்பட்ட மரம் எது என்று அந்த வரிசையே காட்டிக்கொடுக்கும்.